ஒத்திகையில் பெய்த மழை

தலையாட்டிக்குளத்து ஆட்களிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்துவிட்டால் அப்புறம் கவலையே வேண்டாம். கவலைப்பட்டும் பிரயோசனம் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. கிணற்றடியில் வாளி காவலுக்கு நிறுத்தினால், ஆள் கிணற்றுக்குள் விழுந்தாலும் வாளியை விட்டு ஒரு அடி நகர மாட்டார்கள். அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, அங்கேயே தலைமையாசிரியை ஆனவர் மங்கையர்க்கரசி டீச்சர். ஆகவே அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மனசு தங்கமான மனசு. அந்த மனசில் ஒரே ஒரு குறை. பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. ப்ளஸ் டூ படிக்க வேண்டுமானால் பதினோரு கிலோமீட்டர் போக வேண்டும்; பஸ்ஸோ காலை ஐந்தேகாலுக்கு ஒன்று, அதை விட்டால் மத்தியானம் ஒன்று. பையன்கள் எப்படியோ போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் பத்தாவது முடித்த மறுவாரமே தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வருஷம் அப்படிப் போக இருந்தவர்களில் ஒருத்தி வெயிலுகந்தாள். வகுப்பில் முதல் மார்க், வட்டு எறிவதில் மாவட்டத்திலேயே முதல் இடம்.

ப்ளஸ் டூ கேட்டு ஆறு வருஷமாக மனுப் போட்டும் பதில் இல்லை. ஏழாவது வருஷம் மாசி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. முதன்மைக் கல்வி அலுவலர், அதாவது சி.இ.ஓ., அருளானந்தம் அவர்களே ஆண்டு விழாவுக்கு வருகிறாராம். ஆசிரியர், மாணவர் சாதனைகளைப் பாராட்டும் விழாவை நேரில் பார்த்து, திருப்தியாக இருந்தால் ப்ளஸ் டூவுக்குப் பரிந்துரை செய்வாராம். கடிதத்தின் அடியில் பச்சை மசியில் அவருடைய கையெழுத்து. அதற்கு மேலே ஒரு வரி: ‘விழாவுக்கு ஒரு வாரம் முன்பே முழு ஒத்திகை பார்க்கப்பட வேண்டும். ஒத்திகையில் நடந்தபடியே விழா நடக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் எந்த மாற்றமும் கூடாது.’

டீச்சர் அந்த வரியை மூன்று தரம் படித்தார். பிறகு எல்லார் கண்ணிலும் படும்படி புத்தக அலமாரியில் ஒட்டினார்.

ஒத்திகைக்கு முன்னால் ஆசிரியர் கூட்டம் நடந்தது. வருபவருக்குப் பதிலாக நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்பதே முதல் பிரச்சினை. வெறும் நாற்காலியே போதும் என்றார் பி.டி. வாத்தியார் துரைச்சிங்கம். தமிழையா இளவழகனார் பதறிப்போனார். வெறும் நாற்காலிக்கு மாலை போட்டால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தமாகும், நல்ல காரியத்துக்கு வருகிறவரை நாமே அனுப்பி வைக்கலாமா என்று கேட்டார். எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து மௌனமாக நின்றார்கள். கடைசியில், சும்மா இருக்கிற ஆள் என்று பார்த்து, அட்டெண்டர் சப்பாணிமுத்து அண்ணாச்சியை சி.இ.ஓ.வாக உட்கார வைப்பது என்று முடிவாயிற்று. நடக்கிறதை எல்லாம் நிமிஷக் கணக்கோடு நோட்டில் எழுதுகிற பொறுப்பு கணக்கு டீச்சர் ஜெசிந்தாவுக்கு.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒத்திகை தொடங்கியது. ஜெசிந்தா டீச்சர் ஒன்றையும் விடவில்லை. மூன்று ஐந்துக்கு ஒரு செம்மறி ஆடு மேடையேறி மாலையில் பாதியைத் தின்றது. மீதிப் பாதி அண்ணாச்சி கழுத்தில் விழுந்தது. மூன்று பத்துக்கு வாழ்த்துப் பாட்டின் மூன்றாவது வரியில் மைக் படுத்துவிட்டது. மூன்று பதினைந்துக்கு வரவேற்புரையின் நடுவில் தமிழையா நாலு தும்மல் தும்மினார். மூன்று இருபத்தைந்துக்கு பி.டி. வாத்தியாருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் மேடையை விட்டு இறங்கிப் போய் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வந்தார்.

அப்புறம் பரிசு. விடாமல் பள்ளிக்கு வந்ததற்காக ஒரு பையனுக்கு. அவன் ஒன்பதாம் வகுப்புக்கே மூன்று வருஷமாக விடாமல் வந்துகொண்டிருந்தான். பத்து வருஷத்தில் ஒரு சாக்பீஸைக்கூடத் தொலைக்காததற்காக ஜெசிந்தா டீச்சருக்கு. கரும்பலகையில் எழுதினால் தேய்ந்துவிடும் என்று அவர் எழுதுவதே இல்லை. பிறகு வெயிலுகந்தாள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மாநிலப் போட்டிக்காகத் திருச்சிக்குப் போயிருந்தாள். “வரல” என்றார் பி.டி. வாத்தியார். கோப்பை தட்டிலேயே இருந்தது.

மூன்று நாற்பதுக்குக் காலம் தப்பி ஒரு மழை பெய்தது, சரியாக ஏழு நிமிஷம். எல்லாரும் வராந்தாவுக்கு ஓடித் திரும்பினார்கள். முடிவில் சி.இ.ஓ. பேசுகிற மாதிரி நாலு வார்த்தை பேசச் சொன்னார் மங்கையர்க்கரசி டீச்சர். அண்ணாச்சி எழுந்து, கழுத்தில் கிடந்த பாதி மாலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“பிள்ளைக நல்லாப் படிக்கணும். வர்ற ஜூன் மாசத்துலருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ப்ளஸ் டூ குடுத்தாச்சு. எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க.”

பொய்க்குத்தான் சொன்னார் என்று தெரிந்தும் டீச்சர் அழுதுவிட்டார். மூன்று ஐம்பத்தைந்து, தலைமையாசிரியை அழுகை, என்று ஜெசிந்தா டீச்சர் எழுதிக்கொண்டார்.

அதற்கடுத்த ஒரு வாரம் அவர்கள் பட்ட பாடு நாய்படாத பாடு. ஒத்திகையில் வந்த ஆடு ஞாயிற்றுக்கிழமையே குழம்பாகிப் போயிருந்தது. அதே நிறத்தில், அதே கொம்பில் இன்னொன்றைத் தேடி மூன்று ஊர் அலைந்தார்கள். மைக் செட்காரரோ மைக்கைப் பழுது பார்த்துக் கொண்டுவந்துவிட்டார். அவரைத் திட்டித் திரும்பவும் கெடுக்க வைத்தார்கள். தமிழையா ஒரு டப்பி மூக்குப்பொடி வாங்கினார். பி.டி. வாத்தியாரின் மனைவி, வீட்டில் கொத்தமல்லி கிடக்கிறதே என்றார். அதை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துத் தீர்த்துவிடும்படி உத்தரவாயிற்று. மழைதான் பெரிய தலைவலி. கடைசியில் மொட்டை மாடியில் எட்டுப் பையன்களை நாற்பது குடம் தண்ணீரோடு நிறுத்துவது என்று ஏற்பாடு செய்தார்கள்.

புதன்கிழமை வெயிலுகந்தாள் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தாள், மாநிலத்தில் இரண்டாம் இடத்தோடு. ஊரே கொண்டாடியது. தலைமையாசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை ஒன் பேரக் கூப்பிடுவாங்க கண்ணு. எந்திரிச்சிராத. நீ வந்திருந்தாலும் வரல.”

அந்தப் பிள்ளை ஏன் என்று கேட்டாள். ஒத்திகையில் நீ இல்லையே என்றார் டீச்சர். ஊர்ப் பிள்ளையல்லவா, நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. ஆனாலும் போகிற வழியில் அழுதுகொண்டே போனாள். டீச்சர் அன்றைக்குச் சோறு தொடவில்லை. அவளுக்கு ப்ளஸ் டூ வாங்கிக் கொடுப்பதற்காகத்தான் அவளுக்குக் கோப்பை கொடுக்காமல் இருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விழா நாள் வந்தது. மூன்று மணிக்கு சி.இ.ஓ.வின் ஜீப் வாசலில் நிற்கும்போது, மேடை நாற்காலியில் சப்பாணிமுத்து அண்ணாச்சி ஏற்கெனவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒத்திகையில் அவர் கால்மேல் கால் போட்டிருந்தது ஜெசிந்தா டீச்சரின் நோட்டில் இருந்தது. அருளானந்தம் மேடை வரைக்கும் வந்து, உட்கார இடம் தேடி நாலு பக்கமும் பார்த்தார்.

மங்கையர்க்கரசி டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு ஆள் கூடிவிட்டது. ஆசிரியர்கள் மேடை ஓரத்தில் தலையோடு தலை சேர்த்து யோசித்தார்கள். அண்ணாச்சியை எழுப்பினால் மாற்றம். இன்னொரு நாற்காலி போட்டால் அதுவும் மாற்றம். வந்தவரைத் திருப்பி அனுப்பினால் மரியாதை இல்லை. தமிழையாதான் வழி கண்டுபிடித்தார். அண்ணாச்சி சி.இ.ஓ. ஆனதால் அட்டெண்டர் வேலை காலியாகத்தானே இருக்கிறது, காலிப் பணியிடத்தை நிரப்புவது எப்படி மாற்றமாகும் என்றார். எல்லாரும் அவரை மெச்சினார்கள்.

தலைமையாசிரியை கைகூப்பிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். அருளானந்தம் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நான் யாரு?”

“அட்டெண்டர் சார். தட்டுப் பக்கத்துல நின்னாப் போதும்.”

அவருக்குக் கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் டீச்சர் அலமாரியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த கடிதத்தை நீட்டினார். அருளானந்தம் மாற்றம் கூடாது என்ற வரியைப் படித்தார். கீழே பச்சை மசியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். இத்தனை ஜனத்துக்கு முன்னால் தன் உத்தரவைத் தானே மீறுவதா என்று யோசித்தார் போலிருக்கிறது. உரலுக்குள் தலையை விட்டாயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டுப் பக்கம் போய் நின்றார். வேலை பார்க்கிற ஆள் என்பதால் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். அதிலும் கையெழுத்துப் போட்டார்.

விழா அட்சரம் பிசகாமல் நடந்தது. புது ஆட்டுக்கு மாலையில் நாட்டமில்லை, தமிழையா வாழைப்பழம் தடவி ஊட்டிவிட்டார். மைக் மூன்றாம் வரியில் படுத்தது. மூக்குப்பொடி கூடிப்போய் தமிழையா பதினாறு தும்மல் தும்மினார். முதல் நாலை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கொத்தமல்லியும் வந்து சேர்ந்தது.

வெயிலுகந்தாள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் முதல் வரிசையில், துவைத்து மடித்துக் கட்டிய தாவணியோடு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பி.டி. வாத்தியார் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே “வரல” என்றார். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். மங்கையர்க்கரசி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

தட்டுப் பக்கம் நின்றவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். அவள் அழாமல் இருக்கப் பாடுபடுவது நன்றாகத் தெரிந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். மாற்றம், மாற்றம் என்று ஜெசிந்தா டீச்சர் பதறினார். மீந்ததை எடுத்துச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்ப்பது அட்டெண்டர் வேலைதான் என்று தலைமையாசிரியை அவசரமாகச் சொன்னார். அருளானந்தம் கோப்பையை அவள் கையில் கொடுத்து, பதினொன்றாம் வகுப்புக்கு எங்கே போகப்போகிறாய் என்று கேட்டார்.

“தீப்பெட்டி ஆபீசுக்கு, சார்” என்றாள்.

அவர் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றார். அது மொட்டை மாடிக்கு நேர் கீழே. மணி மூன்று நாற்பது. மழை வரப்போவது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். அட்டெண்டரிடம் நிகழ்ச்சி நிரலை யார் சொல்லி வைப்பார்கள்? நாற்பது குடமும் அவர் தலையில் விழுந்தது.

கடைசியில் அண்ணாச்சி எழுந்து, பிள்ளைகள் நல்லாப் படிக்க வேண்டும், ஜூன் மாதத்திலிருந்து ப்ளஸ் டூ கொடுத்தாயிற்று, பத்திரமாக வீட்டுக்குப் போங்கள் என்றார். தலைமையாசிரியை அழுதார். மூன்று ஐம்பத்தைந்து சரியாக இருந்தது. கூட்டக் குறிப்பில் ஜெசிந்தா டீச்சர் எழுதினார்: ‘சி.இ.ஓ. அவர்கள் ப்ளஸ் டூ வழங்கினார்கள். உடனிருந்து கேட்டவர்கள் கையெழுத்து.’ ஒவ்வொருவராகப் போட்டார்கள். நோட்டு அட்டெண்டரிடம் வந்தது. சொட்டச் சொட்ட நின்றவர் முதல் வரியை இரண்டு தரம் படித்தார். கோப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையை ஒரு தரம் பார்த்தார். பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே தன் பதவியையும் எழுதினார். பழக்கதோஷமா, வேறு ஏதாவதா என்று தலையாட்டிக்குளத்தில் யாருக்கும் தெரியாது.

மே மாதம் உத்தரவு வந்தது. ஜூனில் பதினொன்றாம் வகுப்பு திறந்தது. பதிவேட்டில் முதல் பெயர் வெயிலுகந்தாள். மங்கையர்க்கரசி டீச்சர் அந்தப் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

அன்றைக்கே பழைய பதிவேடுகளைச் சரிபார்க்கும்போது அவர் கண்ணில் ஒன்று பட்டது. மாசி மாதத்தில் வேலைக்குச் சேர்ந்த அட்டெண்டர் ஒருவர், ஒரே ஒரு நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு அதோடு வரவே இல்லை. லீவுக் கடிதமும் இல்லை. நல்ல மனுஷர்தான், ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே என்று வருத்தத்தோடு விளக்கம் கேட்டு மெமோ போட்டார்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது, பச்சை மசியில். மழையில் நனைந்து காய்ச்சல் கண்டுவிட்டதாகவும், மருத்துவச் சான்று இணைத்திருப்பதாகவும், மன்னிக்கும்படியும் எழுதியிருந்தது.

டீச்சர் இளகிப்போய் மன்னிக்கப் பேனாவை எடுத்தார். ஜெசிந்தா டீச்சர் தடுத்து நோட்டைப் புரட்டிக் காட்டினார். விழா நடந்த அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, சுட்டெரிக்கிற வெயில். மழை பெய்தது அதற்கு ஒரு வாரம் முந்தி.

பொய்க் காரணம் சொன்னதற்காக இரண்டாவது மெமோ அன்று மத்தியானத் தபாலிலேயே போயிற்று.