குடைவேல மரம் தலையிழந்த கதை

அந்தக் காலத்தில் மரமும் ஆடும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். வேல மரம் அப்போது பனையைவிட உயரம். செம்மணல் காட்டில் எங்கே நின்று பார்த்தாலும் அதன் கூரிய உச்சி தெரியும். கடலிலிருந்து வரும் மேகம் அந்த உச்சியில் சற்றுத் தங்கி, அப்புறம்தான் பொழியும்.

அந்தக் காட்டோரத்து ஊரில் மற்ற மரங்களெல்லாம் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகாகி எரிந்து தீர்ந்தன. காற்று மணலை வாரிக் கிணறுகளைத் தூர்த்தது. போன கோடையில் தண்ணீருக்குப் போகும் வழியில் இருளாயியின் சின்ன மகள் சுருண்டு விழுந்தாள். வேல மரம் பக்கத்தில்தான் நின்றது. ஆனால் வானத்தையே பார்த்து வளர்ந்த மரம் அது. அதன் நிழல் ஒரு கோடு போல மெலிந்து எங்கோ தள்ளிக் கிடந்தது. விழுந்த இடத்திலேயே பிள்ளையைப் புதைத்தார்கள். பகல் முழுவதும் அந்த மேட்டின்மேல் வெயில் நின்றது. அதைத்தான் இருளாயியால் தாங்க முடியவில்லை.

ஊர்ச்சபை கூடியது. "இனி மரம் வெட்டுகிறவனுக்கு இந்த ஊரில் தண்ணியும் கிடையாது, நெருப்பும் கிடையாது," என்றார் தலைவர் சங்கிலி மூப்பர். "வீட்டுக்கு ஒரு கன்று. நட்டவங்கதான் காக்கணும்."

"நாங்க எதைத் தின்கிறது? உம்ம தாடியையா?" என்றது ஓரமாய் நின்ற ஆட்டுக்கிடா.

"அதுக்குத்தான் முள்வேலி போடப்போறோம், மாப்பிள்ளை."

சபை சிரித்தது. பின்வரிசையில் ஒருவர், "முள்ளுக்கு வேல மரத்தையில்லா வெட்டணும்?" என்றார்.

"தின்னப் பழமில்லை, உத்தரத்துக்கும் ஆகாது. அதை மரமுன்னு சொன்னா, நாளைக்கு நெருஞ்சியையும் மரமும்பீரு," என்றார் மூப்பர்.

அதற்கும் சிரித்தார்கள். இருளாயியும் சிரித்தாள். மகள் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

மேட்டின் தலைமாட்டில் அவள் ஒரு புங்கங்கன்றை நட்டாள். ஊரார் அரிவாளோடு வந்தபோது, "எடுத்துக்கிடுங்க, பச்சைப் பிள்ளைகளுக்குத்தானே," என்று வேல மரம் கிளைகளைத் தாழ்த்திக் கொடுத்தது. வேலிகள் எழுந்தன. ஆடிக் காற்று வந்து இருளாயியின் வேலியை மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. அவள் ஓடிவந்து பார்த்தபோது ஆடுகள் மேய்ந்தது போகக் கன்றில் இரண்டு இலை மிஞ்சியிருந்தது. வேல மரத்தில் மிஞ்சியிருந்தது உச்சி மட்டும். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள்.

"இதை மட்டும் விட்டுரு, தாயி. தேடி வர்ற மேகம் எங்கே நிற்கும்?"

"பிள்ளையைப் பறிகொடுத்திருந்தா உனக்குத் தெரியும்."

"ஊரிலே இருக்கிற வேலியெல்லாம் என்னன்னு நினைச்சே, இருளாயி?"

அது அவள் காதில் விழத்தான் செய்தது. ஆனாலும் வெட்டினாள்.

மழைக்காலத்து மேகம் வந்தது. உச்சியைத் தேடி ஊரைச் சுற்றியது. காணாமல் மலைப்பக்கம் போய்விட்டது. கன்றுகள் ஒவ்வொன்றாய்க் கருகின. சபையார் பார்வையிட வந்தார்கள். ஒவ்வொரு வேலிக்குள்ளும் ஒரு காய்ந்த குச்சி நின்றது.

"வேலி ஒண்ணுகூடக் குலையலை," என்றார் மூப்பர். எங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

கிடா எட்டிப் பார்த்தது. "இனி எனக்கும் வேண்டாம்," என்று திரும்பிப் போனது.

இருளாயி வேல மரத்தடிக்கு வந்தாள். "திட்டு. காறித் துப்பு. ஏதாவது பேசு."

மரம் பேசவில்லை. பிறகு எப்போதும் பேசவில்லை.

தலை இல்லாததால் அதற்கு மேலே போக வழியில்லை. வெட்டுவாயில் துளிர்த்த கிளைகள் பக்கவாட்டில் நீண்டன, மெல்ல, வருஷக்கணக்காக. இருளாயிக்குத் தலை நரைத்த பிறகு ஒரு நண்பகலில் அந்த நிழல் மேட்டைத் தொட்டது. அவள் போய் உட்கார்ந்தாள். உதிர்ந்து கிடந்த முள் உள்ளங்காலில் ஏறியது. அவள் அதைப் பிடுங்கவில்லை.

அன்று முதல்தான் குடைவேல மரம் வானத்தை நிமிர்ந்து பாராமல் தட்டையாய் விரிந்து நிற்கிறது. மேகம் அதன்மேல் தங்காமல் கடந்து போகிறது. அதன் நிழலில் ஒதுங்குகிறவர்கள், தூங்கும் பிள்ளையைத் தொடுவதுபோல், முதலில் தரையைக் கையால் ஒருதரம் தடவிவிட்டு உட்காருகிறார்கள்.