புது உப்பு

"தெரியாத ஒண்ணுக்கு எப்படி சாமி சட்டம் எழுதறது?"

பூங்கோதை கேட்டாள். கடலோர அனுமதிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு அவள்தான் தலைமை அதிகாரி. கையில் தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு.

மடத்துச் சாமியார் அவளைவிடப் பத்து வயது இளையவர். படையலைத் தானே பொங்குவார். அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா தெரியலை?"

"ஒரு கம்பெனி கடல்ல பொடி தூவணும்ங்குது. காத்துல இருக்கிற புகையைக் கடல் குடிச்சிடுமாம். இருநூறு கிலோமீட்டர் கரைக்கு அனுமதி கேக்கறாங்க."

"குடிக்குமா?"

"குடிக்கலாம். மீனும் சாகலாம். என் அண்ணன் பிள்ளைங்க அங்கதான் வலை போடறாங்க. வேண்டாம்னு எழுதினா புகை ஏறிக்கிட்டே போகும், கடல் பொங்கி எங்க ஊரைத் தின்னுடும். நாளைக்குக் கையெழுத்து."

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலை. அவளுக்கு அழுகை வந்தது.

"அந்த மூட்டையைப் பிரிங்க" என்றார் சாமியார்.

யாரோ பக்தர் கொடுத்த புது உப்பு. கல்லும் வேறு, நிறமும் வேறு.

முந்நூறு பேருக்குப் பொங்கும் பெரிய பானை பக்கத்தில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. சின்னச் சட்டி ஒன்றில் ஒரு பிடி அரிசி போட்டு அடுப்பில் ஏற்றினார். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டார். வெந்ததும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சாமி, படையலை ருசி பார்க்கக் கூடாதே!"

"இது படையல் இல்லையே. என் சோறு."

ஒரு இலையில் கொஞ்சம் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நீங்களும் ஒரு கை."

சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப பெரிய பானையில போடலாமா?"

"நாக்கு சொல்லிடுச்சு. வயிறு இன்னும் சொல்லலையே."

"வயிறு எப்ப சொல்லும்?"

"சாயங்காலம் வரைக்கும் பாப்போம். பழைய உப்பு இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கு."

அவள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். போகும்போது கோப்பு அவ்வளவு கனமாக இல்லை.

மறுநாள் கம்பெனி முதலாளி மகுடபதி வந்தார். உட்காரும் முன்பே பேசத் தொடங்கிவிட்டார்.

"ஒரு தொட்டியில போட்டுப் பாத்துட்டோம் மேடம். ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். முழுக் கரைக்கும் குடுங்க. இல்லேன்னா வேண்டாம்னு எழுதிடுங்க, நாங்க வேற நாடு பாத்துக்கறோம்."

பூங்கோதை இரண்டையும் எழுதவில்லை. இருநூறு கிலோமீட்டரை அடித்தாள். அரைக் கிலோமீட்டர், ஒரு வருஷம் என்று எழுதினாள். மீன் செத்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும் என்று அடியில் சேர்த்தாள்.

"அரைக் கிலோமீட்டரா? எந்த இடத்துல?"

"உங்க பங்களாவுக்கு எதிர்ல இருக்கிற கடல்."

மகுடபதி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"அங்க பிடிக்கிற மீனை உங்க வீட்லயே சமைக்கச் சொல்லுங்க. வாராவாரம் நானும் சாப்பிட வரேன்" என்றாள். பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்:

"நீங்க மீன் சாப்பிடுவீங்கல்ல?"