பெத்தணன் பல்லைத் தூர்வாரிய வரலாறு

ஏழுகேணிப்பட்டி மேலத்தெருவில் வசிப்பவரும், காலஞ்சென்ற வீரணன் அவர்களின் தலைமகனும், சுற்றுப்பட்டி பதினெட்டுக்கும் கிணறு தூர்வாரும் குழுவின் தலைவருமாகிய திருவாளர் பெத்தணன் அவர்களுக்கு, இவ்விவகாரம் தொடங்கிய பங்குனி மாதம் முதல் தேதியன்று, வயது ஐம்பத்து மூன்று நிறைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டனுள் இடப்பக்கத்துப் பல்லுக்கு வயது நாற்பத்தாறு. இருவரில் முதலில் படுக்கையில் விழுந்தது இளையவரே.

அந்தப் பல்லுக்கும் அதன் ஜோடிக்கும் நடுவே ஒரு நெல்மணி நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. அதன் வழியாகப் பெத்தணன் விடும் சீழ்க்கைதான் குழுவின் சட்டம். ஒரு சீழ்க்கை கேட்டால் வடத்தைத் தளர்த்த வேண்டும். இரண்டு கேட்டால், ஏன் எதற்கு என்று வினவாமல் இழுக்க வேண்டும். இழுக்கத் தொடங்கினால் வடத்தில் கட்டியது மண்தரைக்கு வந்து சேரும்வரை நிறுத்தலாகாது. வடத்தின் முன்பிடியைப் பிடிப்பவன் பெத்தணனுடைய மைத்துனன் ஒச்சுக்காளை. பின்பிடியைப் பிடிப்பவன் தம்பி தவசி. குழுவுக்காக யோசிக்கும் பொறுப்பும் அவனுடையதே. கிணற்றுக்குள் இறங்குகிறவர் பெரியப்பா மகன் மொக்கையன்.

கரட்டுக்கோவில் கிணற்றைத் தூர்வாரிக் கொடுப்பதாக அக்குழு வாக்களித்திருந்தது. சித்திரை முதல் நாள் அபிஷேகத்துக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். ஆகவே பங்குனி பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை கிணற்றில் இறங்காவிட்டால் வேறு ஆட்களைப் பார்த்துக்கொள்வதாகத் தர்மகர்த்தா செல்லையா முன்னரே சொல்லியிருந்தார்.

இந்த நிலையில்தான் பல் சீழ்ப்பிடித்தது. மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டது. வலியில் பெத்தணன் சுவரோடு பேசினார். பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று மனைவி முத்துப்பேச்சி சொன்னபோது குழு நடுங்கிவிட்டது. பல் போனால் சீழ்க்கை போகும். சீழ்க்கை போனால் கிணறு போகும்.

மாற்று ஏற்பாடாக ஒச்சுக்காளை ஒரு சீழ்க்கை பழகினான். அது இட்லிப் பானையில் ஆவி பிரிவது போலிருந்தது. ஊர்க்கிணற்றில் மொக்கையனை இறக்கிச் சோதித்தார்கள். காலையில் இறங்கியவரை உச்சிவேளை வரை மேலே கொண்டுவர இயலவில்லை. வந்தது சீழ்க்கை அல்ல, வெறும் காற்று என்று அவர் உள்ளிருந்தபடியே வாதாடினார். முத்துப்பேச்சி வந்து சோறு ஆறுகிறது என்று சொன்ன பிறகே அவர் ஏறிவந்தார்.

சந்தைப்பேட்டைக் கடைவீதியில் டாக்டர் பெர்னதெத் என்னும் பல் மருத்துவர் இருந்தார். நடக்கமுடியாதவர்கள் வண்டியோடு வந்துபோக வசதியாக, அவருடைய மருத்துவமனை வாசலில் படிக்குப் பதிலாகச் சிமெண்டுச் சரிவு இருந்தது. பங்குனி ஐந்தாம் தேதி சனிக்கிழமை நால்வரும் அங்கே சென்றார்கள். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். நால்வரும் திறந்தார்கள். வீக்கத்தைக் கொண்டு நோயாளியைக் கண்டுபிடித்தார்.

படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் பொறுமையாக விளக்கினார். "பல்லோட நடுவுல ஒரு சந்து உண்டு. அதுல நரம்பு, ரத்தம் எல்லாம் இருக்கும். சொத்தை வழியா கிருமி உள்ள போயி அது அழுகிடுச்சு. வேர் முனையில சீழ் கட்டியிருக்கு. பல்லைப் பிடுங்க வேண்டாம். பின்பக்கமா ஒரு சின்ன ஓட்டை போட்டு, அழுகினதை எடுத்து, நல்லா கழுவி விட்டுரலாம். வேர் சிகிச்சைன்னு பேரு."

பெத்தணன் எழுந்து நின்று கும்பிட்டார். இத்தனை நாள் டாக்டர் என்று எண்ணி அஞ்சிய ஒருவர் சொந்தத் தொழில்காரராக இருந்தது அவர் கண்ணைக் கலங்க வைத்தது.

"எம்புட்டு ஆழம் தாயி?" என்று கேட்டார்.

"இருபத்திரண்டு மில்லிமீட்டர்."

மொக்கையன் தன் தோளை அளந்து பார்த்துக்கொண்டார். "நான் இறங்க முடியாது தம்பி. இறங்கினா திரும்ப எடமில்ல."

யாரும் இறங்க வேண்டியதில்லை என்று டாக்டர் தலைமுடி பருமனுள்ள ஓர் அரத்தைக் காட்டினார். மொக்கையன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கடப்பாரையை வைத்துக்கொண்டு மழைக்கு முன் வேலை முடியாது என்று வருத்தத்தோடு கூறினார்.

டாக்டர் துணைக்கு வந்தவர்களை வெளியே அனுப்பினார். அவர்கள் போனார்கள், வடம் போகவில்லை. வடமில்லாமல் தூர்வாரும் வேலை தொடங்கலாகாது என்பது வீரணன் காலத்து விதி. ஆகையால் பெத்தணன் சட்டைக்குள் இடுப்பில் ஒரு முனையைக் கட்டியிருந்தார். மறுமுனை கதவிடுக்கு வழியாக வெளியே ஒச்சுக்காளை கையில் இருந்தது.

ஊசி போட்டதும் உதடு மரத்தது. வலித்தால் இடது கையைத் தூக்குமாறு டாக்டர் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். சற்று நேரம் கழிந்தது. பெத்தணனுக்கு வலிக்கவே இல்லை. இவ்வளவு கைத்திறனுள்ள தொழில்காரரிடம் வலிக்கவில்லை என்று தெரிவிப்பதே மரியாதை என்று எண்ணி, இடது கையைத் தூக்கினார்.

கிணற்றுக்குள் இருப்பவன் கையைத் தூக்கினால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தவசி ஆணையிட்டான். பெத்தணன் நாற்காலியிலிருந்து வழுக்கி, நெஞ்சில் நீலத்துணியும் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயுமாக, பளிங்குத் தரையைக் கடந்து, சரிவில் இறங்கி, அதன் அடியில் இருந்த ஒரு முழ மண்தரையில் போய் நின்றார்.

டாக்டர் வெளியே வந்து குழாயை அவர் வாயிலிருந்து எடுத்தார். பிறகு, "நான் வேலை பார்க்கிறப்ப இவர் உடம்புல கயிறு இருக்கக் கூடாது," என்றார். நால்வரும் அதை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். டாக்டர் மிச்ச வேலையைச் செய்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். தினமும் நான்கு தடவை உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆட்கள் நால்வர், தடவைகள் நான்கு. எனவே ஆளுக்கு ஒரு தடவை கொப்பளித்தார்கள்.

அந்த வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. நோயாளி மண்ணில் வந்து விழுவது நன்றாக இல்லை என்று கட்டட உரிமையாளர் சரிவின் அடியில் இருந்த மண்தரைக்கும் சிமெண்டு பூசிவிட்டார். இரண்டாவது, தவசி யோசித்தான்.

"தப்பு நம்ம மேலதாண்ணே," என்றான். "கெணத்தக் கட்டி இழுக்கிறவன் உண்டா? கெணத்துல வேலை பார்க்கிறவங்களத்தான கட்டணும்?"

ஒச்சுக்காளை திகைத்தான். "டாக்டரம்மாவையா மாப்ள?"

"பொம்பளப்பிள்ளைய எப்படிக் கட்டுறது, மரியாதை இல்ல. அவங்க உட்கார்ற முக்காலியக் கட்டுவோம்."

அது முக்காலி என்றாலும் அடியில் ஐந்து உருளைகள் கொண்டது. பன்னிரண்டாம் தேதி இரண்டாம் முறை சென்றபோது, டாக்டர் கை கழுவும் வேளையில் ஒச்சுக்காளை குனிந்து வடத்தை அதன் தண்டில் கட்டிவிட்டான். டாக்டர் சொன்னபடியே பெத்தணன் உடம்பில் ஒரு நூல்கூட இல்லை.

வீக்கம் வற்றியிருந்தது. டாக்டர் பல்லுக்குள் இருந்த சந்தை மறுபடி கழுவிக் காயவைத்தார். பின்பு ரப்பர் போன்ற ஒரு குச்சியை உள்ளே செலுத்தி அடைக்கப் போனபோது, பெத்தணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தாயி பண்றீக? தூர்வாருன கெணத்த யாராச்சும் மூடுவாகளா?"

"மூடலைன்னா மறுபடி உள்ள தண்ணி வரும் ஐயா."

"தண்ணி வரத்தான தாயி தூர்வாருறது?"

வெளியே இருந்தவர்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள். முப்பது ஆண்டுத் தொழிலில், தண்ணீர் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு கிணற்றைத் தூர்வாரியதாக எவருக்கும் நினைவில்லை. டாக்டர் அரை மணி நேரம் விளக்கினார். இது எச்சில் போய்க் கிருமி வளரும் இடம், ஊற்று அல்ல. இடம் விட்டால் மறுபடி சீழ் கட்டும். நரம்பை எடுத்தாகிவிட்டதால் பல்லுக்கு இனி வலி தெரியாது, ஆனால் பல் அப்படியே நிற்கும், கடிக்கலாம், சீழ்க்கையும் அடிக்கலாம். கடைசி வார்த்தை மட்டும் குழுவுக்குத் தெளிவாகப் புரிந்தது. ஊற்று கெட்ட கிணற்றை மூடலாம் என்று தவசி தீர்ப்புச் சொன்னான்.

அடைத்து முடித்துவிட்டு, இனி சீழ்க்கை அடித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பெத்தணன் தலையை ஆட்டி மறுத்தார். தூர்வாரி முடிந்த கிணற்றைப் புழங்குவதற்கு முன், வேலை பார்த்தவர்களுக்குக் கிணற்று வாயில் இலை போட்டுக் கறிச்சோறு பரிமாற வேண்டும். முதல் கவளத்தைக் கிணற்றுக்குள் போட வேண்டும். அதன் பிறகே கிணற்றுக்காரன் அதைத் தொடலாம். இதுவும் வீரணன் காலத்து விதி. கிணறு எதுவோ அதன் வாயில்தான் உண்ண வேண்டும், ஆகவே தம்முடைய வாயருகே டாக்டர் அமர்ந்து கறிச்சோறு சாப்பிட வேண்டும் என்று பெத்தணன் பணிவோடு அழைத்தார்.

"எனக்குத் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் கறி தொட மாட்டேன்," என்றார் டாக்டர்.

எனவே ஈஸ்டர் வரையில் முன்பல்லைத் தொடுவதில்லை என்று பெத்தணன் முடிவு செய்தார். கஞ்சியைக் கடைவாய் வழியாகக் குடித்தார். கடைவாய் அடுத்த வீட்டுக் கிணறு, அதற்குத் தடையில்லை. பேசினால் காற்று முன்பல்லில் படும் என்பதால் பேச்சையும் விட்டார். பதினாறாம் தேதி செல்லையா ஆள் அனுப்பி, வெள்ளிக்கிழமை வருவார்களா மாட்டார்களா என்று கேட்டார். பெத்தணன் இரண்டு கைகளையும் விரித்தார். வந்தவன் அதை மாட்டார்கள் என்று புரிந்துகொண்டு போனான். அன்று மாலை அவர் வடத்தை மடியில் போட்டுக்கொண்டு தடவிக் கொடுப்பதை முத்துப்பேச்சி பார்த்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை உச்சிப்பொழுதில் அவளே அவர்கள் எல்லோரையும் ஓட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"தாயி, நீங்க மத்தியானம் எதையாச்சும் சாப்பிடத்தான செய்வீக? அத இவரு வாய்கிட்ட உட்கார்ந்து சாப்பிட்டுருங்க. அஞ்சு நாளா எங்க வீட்டுல ஒரே கைச்சாடையா இருக்கு."

டாக்டருடைய டப்பாவில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. கிணற்று வாயில் எலுமிச்சைச் சோறு செல்லுமா என்று குழு கூடி ஆராய்ந்தது. செல்லாது என்றார் மொக்கையன்.

"கறி எதுக்குப் போடுறோம்?" என்றான் தவசி. "வேலை பார்த்தவங்க மனசு குளிரத்தான. டாக்டரம்மா மனசு எதுல குளிருதோ அதுதாண்ணே கறி."

மொக்கையன் வறுவலில் ஒரு துண்டைத் தின்று பார்த்தார். மசாலா சரியாக இருப்பதால் ஆட்சேபணை இல்லை என்றார்.

பெத்தணன் நாற்காலியில் சாய்ந்து வாயை அகலத் திறந்தார். டாக்டர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் அமர்ந்தார். ஆண்கள் மூவரும் முறைப்படி வெளியே போய் நின்றார்கள். வடத்தையும் ஒச்சுக்காளை முறைப்படி முக்காலியில் மறுபடி கட்டியிருந்தான். டாக்டர் முதல் கவளத்தைக் கிணற்றுக்குள் போட்டார். பெத்தணன் முன்பல்லால் மெதுவாகக் கடித்தார். ஒரு கடலைப்பருப்பு நொறுங்கியது. வலி இல்லை. அவர் கண்ணோரத்தில் நீர் திரண்டது; ஊற்று வேறிடத்தில் திறந்துகொண்டது என்று முத்துப்பேச்சி எண்ணினாள்.

டாக்டரும் மனம் நெகிழ்ந்து இரண்டு வாய் சாப்பிட்டார். "இப்ப அடிக்கலாம்ல? எங்க, ஒரு விசில் அடிங்க பார்ப்போம்."

பெத்தணன் ஒரு சீழ்க்கை விட்டார். பழைய சீழ்க்கை, நெல்மணி கனத்தில், கடைவீதி முழுதும் கேட்டது. வெளியே ஒச்சுக்காளை வடத்தைத் தளர்த்தினான்.

"அருமையா வருதே," என்றார் டாக்டர். "இன்னொன்னு."

பெத்தணன் சொன்னதைத் தட்டாதவர்.

முக்காலி பளிங்குத் தரையில் ஓசையில்லாமல் புறப்பட்டது. டாக்டர் டப்பாவை இறுகப் பற்றிக்கொண்டார். கதவைக் கடந்து, சரிவில் வேகம் எடுத்து, மண்தரை இருந்த இடத்தை அடைந்தது. அங்கே மண் இல்லை, சிமெண்டு. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, விதிப்படி மேற்கொண்டு இழுத்தார்கள். அதற்கப்பால் தார்ச்சாலை. வாழைப்பழக் கடையும் பாத்திரக் கடையும் பின்னோக்கிப் போயின. டாக்டர் நிறுத்தச் சொன்னார். நிறுத்தச் சொல்வதற்கென்று குழுவில் சீழ்க்கை ஏதும் இல்லை. இருநூறு கெஜம் தாண்டிச் சந்தைத் திடலில்தான் முதல் மண்தரை தென்பட்டது. அங்கே நிறுத்தினார்கள். ஒரு பருக்கை சிந்தவில்லை.

அங்கே வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த தர்மகர்த்தா செல்லையா, சீழ்க்கை இரண்டையும் காதாரக் கேட்டிருந்தார். வேலையின் ஒழுங்கையும் இப்போது கண்ணாரக் கண்டார். "நாளைக்குக் காலையில வந்துருங்கப்பா," என்றார்.

ஆனால் மொக்கையன் டப்பாவை எட்டிப் பார்த்து முகம் வாடினார். இன்னும் இரண்டு கவளம் மீதி இருந்தது. விருந்து கிணற்று வாயிலேயே முடிய வேண்டும். கிணறோ கடைவீதியில் நாற்காலியில் கிடந்தது. டாக்டரைத் திரும்ப இழுத்துப் போகலாமா என்று ஒச்சுக்காளை கேட்டான். அதற்கு டாக்டர் அளித்த பதிலை அச்சிட இயலாது. ஆகவே மொக்கையன் ஓடிப்போய்க் கிணற்றையே தோளில் தூக்கிவந்தார். சந்தைத் திடலின் நடுவே, வெங்காய மூட்டைகளுக்கும் வியாபாரிகளுக்கும் முன்னிலையில், பெத்தணன் மண்டியிட்டு வாயைத் திறக்க, டாக்டர் பெர்னதெத் அவர்கள் உருளை முக்காலியில் அமர்ந்தவாறு மீதியிருந்த இரண்டு கவளங்களையும் உண்டு முடித்து, விவகாரத்தைத் தீர்த்துவைத்தது பங்குனி மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, பகல் ஒன்றே முக்கால் மணிக்கு.