ஜெபமணி கைப் பூ

“ஜெபமணி கை எனக்கு வரணும். சொல்லிக் குடு.”

வந்ததும் வராததுமாகத் தாயம்மாள் கேட்டுவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

இருதயமேரி மடியில் பாதி மேசை விரிப்பு கிடந்தது. ஊரில் ஒவ்வொருத்தியும் அவளவள் வீட்டில் இருந்து லேஸ் பூ பின்னுவாள். ஏஜெண்ட் வீடு வீடாக வந்து நூல் கொடுத்து, பின்னியதை வாங்கி, ஒரே மூட்டையாகக் கட்டி, இருதயத்திடம் போட்டுவிட்டுப் போவான். கோத்து விரிப்பாக்குவது அவள் வேலை. தாயம்மாளைவிடப் பத்து வயது இளையவள். ஆனால் ஊர்ப் பூ எல்லாவற்றையும் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

“உங்க கைக்கு என்னக்கா?”

“லூஸாம், ஏஜெண்ட் சொல்லுதான். ‘ஜெபமணி பூவப் பாரு, கல்லுல கொத்துன மாதிரி. நீயும் பின்னுதியே, கொசுவலை’ங்கான். வார திங்கக்கிழமையும் இப்படின்னா நூல் கிடையாதாம்.”

“நூல் இல்லன்னா?”

“மறுபடி உப்பளந்தான். கால் புண்ணு இப்பத்தான் ஆறியிருக்கு.”

“ஜெபமணியக்காட்டயே கேக்கலாம்லா?”

“அவகிட்டயா? மூணு வருசமாப் பேச்சே இல்ல. பெரிய கைக்காரி!”

இருதயம் மூட்டையை அவிழ்த்துப் பாயில் கொட்டினாள். வெள்ளை வெள்ளையாக நூற்றுக்கணக்கில் பூ.

“இதுல ஜெபமணியக்கா பூவ எடுங்க.”

தாயம்மாள் கிளறினாள். இழுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். கடைசியில் மூன்றை எடுத்து வைத்தாள். பொய் சொல்லக் கூடாது, நல்ல பூ.

“இந்தா, இதுதான். ஒரு கண்ணி பிசகல பாரு.”

இருதயம் குவியலிலிருந்து இன்னொரு பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் இன்னொன்று. இன்னொன்று.

“இதெல்லாம் ஒரே பக்கமாச் சுத்துது. நீங்க எடுத்தது மட்டும் எதிர்ப்பக்கமாச் சுத்துது. ஏங்க்கா?”

“ஏன்?”

“இந்த ஊர்ல இடதுகைக்காரி யாரு?”

தாயம்மாள் தன் இடது கையைப் பார்த்தாள். அந்த மூன்று பூவும் அது பின்னியதுதான்.

மூன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப ஜெபமணி?”

“காலைல அவுகளும் வந்தாக. ஏஜெண்ட் உங்க பூவச் சொல்லி அவுகளயும் கொசுவலைன்னானாம். தாயம்மா கை வரணும்னாக. தாயம்மாக்கா பூவ எடுங்கன்னேன். அவுக சொந்தப் பூவத்தான் எடுத்தாக.”

தாயம்மாள் எழுந்துவிட்டாள்.

“எங்க அவ?”

இருதயம் அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

“ஜெபமணியக்கா, காப்பிக்கு இன்னொரு டம்ளர் தண்ணி ஊத்துங்க.”