எட்டு நண்டுகள் ஒரே நேரத்தில் அடைத்த கரை

கருவேலங்காட்டின் நடுவே இருந்த வட்டக் குளத்தில் கெளுத்தி மீன் ஒன்று நூறு குஞ்சுகளோடு வாழ்ந்தது. கோடை தொடங்கியபோது குளத்தின் மண்கரையில் எட்டு ஓட்டைகள் விழுந்தன. தண்ணீர் வடியத் தொடங்கியது. அடுத்த மழைக்கோ மூன்று மாதம் இருந்தது.

குளத்து ஆமை தொலைவில் இருந்த புற்றிலிருந்து மண் கொண்டுவந்து முதல் ஓட்டையை அடைக்க முற்பட்டது. நாளுக்கு ஓர் ஓட்டைதான் அதனால் முடியும்.

"எட்டு நாளா!" என்று அலறியது கெளுத்தி. "ஐந்தாம் நாளே என் குஞ்சுகள் கருவாடாகிவிடுமே!"

அப்போது ஒரு நரி வந்தது. பொறியியல் கல்லூரி ஒன்றில் கடைசி பெஞ்சுக்கு அடியில் ஒரு பருவம் முழுவதும் படுத்துக் கிடந்து, உயர்நிலைக் கணினிக் கட்டமைப்பைக் கற்றுத் திரும்பிய நரி அது.

"ஆமையாரே, கணினிக்குள் இப்போது ஒரு மூளை இல்லை, எட்டு மூளைகள்! வேலையை எட்டாகப் பிரித்து, எட்டும் ஒரே நேரத்தில் செய்யும். எட்டு நாள் வேலை ஒரே நாளில் முடியும்!"

"எட்டு மூளைக்கு எங்கே போவது?"

"நண்டுகள் இருக்கின்றனவே!"

"அவற்றுக்கு மூளை..."

"கால் இருக்கிறது. போதும்!"

நரி எட்டு நண்டுகளைக் கரையைச் சுற்றி நிறுத்தியது. (ஏழு என்று சொல்வோரும் உண்டு, ஓட்டைகள் எட்டு என்பதால் எட்டே பொருந்தும்.)

"அவரவர் ஓட்டையை மட்டும் பாருங்கள்! மிக அருகில் இருக்கும் மண்ணையே எடுங்கள்! தூரம் போவதுதான் நேரத்தைத் தின்கிறது!"

நண்டுக்கு அருகு என்பது பக்கவாட்டுதான். முதல் நண்டு பக்கவாட்டில் ஓடி, இரண்டாம் நண்டின் கரையில் மண்ணை அள்ளித் தன் ஓட்டையை அடைத்தது. இரண்டாம் நண்டு மூன்றாம் நண்டின் கரையைத் தோண்டியது. வட்டக் கரை ஆதலால், எட்டாம் நண்டு முதல் நண்டின் கரையைத் தோண்டியது.

"முடிந்தது!" என்றது முதல் நண்டு.

"நானும் முடித்தேன்! அடடா, மறுபடியும் ஒழுகுகிறதே!"

"மறுபடியும் அடை!" என்று கூவியது நரி. "உச்சிப் பொழுதுக்குள் நாற்பது ஓட்டைகளை அடைத்தாயிற்று!"

"இருந்ததே எட்டுதானே?" என்றது ஆமை.

"அதுதான் வேகம்! இருந்ததைவிட அதிகமாக அடைத்திருக்கிறோம்!"

கெளுத்தி நீருக்குள்ளிருந்து பார்த்தது. கரையில் எட்டு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. காலையிலும் எட்டு, இப்போதும் எட்டு. ஆனால் எல்லாம் இடம் மாறி, அகன்றிருந்தன. தண்ணீர் பாதியாகியிருந்தது.

"நிறுத்துங்கள், தம்பிகளே! நீங்கள் ஓட்டையை அடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்!"

"அடேய், என் கரையைக் குடைந்தது நீயா?" என்று முதல் நண்டிடம் சீறியது இரண்டாம் நண்டு.

"ஆமாம்! என்னுடையதை எட்டாமவன் குடைந்தானே!"

சண்டை மூண்டது. ஒவ்வொரு நண்டும் அடுத்த நண்டின் காலைக் கொடுக்கால் கவ்வியது. "என்னைப் பிடித்தவன் விட்டால் நானும் விடுவேன்!" என்றன எட்டும். எதுவும் விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நரியாரே, ஒருவரை ஒருவர் கேட்டுச் செய்வது பற்றி உம் புத்தகத்தில் ஒன்றுமே இல்லையா?" என்று கதறியது கெளுத்தி.

"அது ஒன்பதாம் அதிகாரம். அன்று எனக்குப் பசி. தின்றுவிட்டேன்."

கெளுத்தி முதல் நண்டிடம் நீந்தி வந்தது. "தம்பி, உன் கால் ஒடிந்தாலும் மீண்டும் முளைக்கும். என் குஞ்சு போனால் முளைக்காது."

முதல் நண்டு கண்ணை மூடிக்கொண்டு, தான் கவ்வியிருந்த காலை விட்டது. விடுபட்ட இரண்டாம் நண்டு மூன்றாம் நண்டை விட்டது. அப்படியே வட்டம் முழுவதும் அவிழ்ந்தது.

பிறகு எட்டும் புற்றிலிருந்து கரைவரை வரிசையாக நின்று மண்ணைக் கைமாற்றின. ஆமை ஒவ்வோர் ஓட்டையாக மிதித்து இறுக்கியது. பொழுது சாய்வதற்குள் கரை அடைபட்டது. மிஞ்சியது ஒரு முழத் தண்ணீர். அதில் நூறு குஞ்சுகளும் நெருக்கியடித்துக்கொண்டு கோடையைக் கடந்தன.

பலர் ஒரே நேரத்தில் செய்யும் வேலை, அருகில் இருப்பவர் செய்வதையும் ஒவ்வொருவரும் அறிந்து செய்தால்தான் நிறைவேறும்.