ஒற்றை முளை

ஆட்டம் முடிந்து விசில் ஊதியும் அய்யாத்துரை அண்ணாச்சி மைதானத்தை விட்டு வெளியே வரவில்லை. அம்பயர் பின்னாலேயே போய்க் கத்திக்கொண்டிருந்தார். அம்பயர் பைக்கில் ஏறிப் போன பிறகு, பைக் போன திசையைப் பார்த்துக் கத்தினார்.

மாவட்ட கிளப் ஹாக்கி, அரையிறுதி. வெற்றிவேல் கிளப் ஒரு கோல் போட்டது, கரிசல் ஸ்டார் ஒன்றும் போடவில்லை. கடைசி நேரத்தில் கொம்பையா அடித்த பந்து வலைக்குள் போனது என்னவோ உண்மை. டி-க்கு வெளியே நின்று அடித்தான், கோல் இல்லை என்று அம்பயர் கையை விரித்துவிட்டார். டி என்பது கோலுக்கு முன்னால் சுண்ணாம்புத் தூளில் வளைத்துப் போடும் கோடு. அதற்குள் நின்று அடித்தால்தான் கணக்கு.

கொம்பையா அண்ணாச்சியின் மகன். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் நாளை ஃபைனலுக்குத்தான் வருகிறார்கள். அவனுக்கோ வயது வரம்பில் இது கடைசி வருஷம். பெற்றவனுக்கு வயிறு எரியாதா பின்னே?

புகார் மனுவை எழுதி எடுத்துக்கொண்டு செல்வபுஷ்பம் டீச்சரிடம் வந்தார். கரிசல் ஸ்டாருக்கு டீச்சர்தான் கோச். அண்ணாச்சியை விட வயதில் இளையவர். ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வித்தையைக் கற்க வேண்டும் என்று அண்ணாச்சியே தேடிப் போய் அவரிடம் சீடராகச் சேர்ந்தார். சேர்ந்த நாள் முதலாய் ஒரு கேள்விக்காவது நேரான பதில் கிடைத்ததில்லை.

டீச்சர் பந்துகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு கையெழுத்துப் போடுங்க. பொழுது சாயதுக்குள்ள கமிட்டில குடுக்கணும்."

"என்ன எழுதியிருக்கு?"

"கொம்பையா உள்ள நின்னுதான் அடிச்சான்னு. வேற என்னத்த எழுத?"

"நீங்க பாத்தீங்களா?"

"பெத்த பிள்ள சொல்லுதான். பொய்யா சொல்லுவான்?"

"கயிறு எங்க அண்ணாச்சி?"

"எந்தக் கயிறு?"

"கோடு போடுற கயிறு."

வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்ட கதையாக இருக்கிறதே என்று அண்ணாச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய, குருவாயிற்றே. முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

டி-யின் வலப்பக்க ஓரத்தில் கொம்பையாவின் மட்டை மண்ணைக் கீறிய தடம் பளிச்சென்று தெரிந்தது. வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே கிடந்தது.

"நாசமாப் போச்சு" என்றார் அண்ணாச்சி.

"கம்பத்துலருந்து அளங்க."

"இனி அளந்து என்னத்துக்கு? அதான் கண்ணுக்குத் தெரியுதே!"

"அளங்க."

கோல் கம்பத்தில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். டி இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று கயிற்றில் ஒரு முடிச்சு உண்டு. முடிச்சு, தடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

அண்ணாச்சி துள்ளிக் குதித்தார்.

"உள்ள! டீச்சர், உள்ளதான் நின்னுருக்கான்! நான் சொல்லல? கோடுல்லா தப்பு! எந்தக் கூறுகெட்ட பய போட்ட கோடு இது?"

டீச்சர் கோலின் நடுமத்திக்குப் போய்க் காலால் மண்ணைத் தள்ளினார். கயிறு கட்டும் முளை அடித்த குழி ஒன்று தெரிந்தது. இரண்டு கம்பத்தடியிலும் தள்ளிப் பார்த்தார். அங்கே குழியே இல்லை.

அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போனது. துள்ளிய வேகத்தில், கோடு போட்டது தான்தான் என்பதே மறந்துபோயிருந்தது.

கம்பத்துக்கு ஒன்றாக இரண்டு முளை அடிக்க வேண்டும். ஒருவர் முளையில் கயிற்றைப் பிடிக்க, மற்றவர் சுற்றிவந்து கோடு போட வேண்டும். மற்ற நாளெல்லாம் அப்பனும் மகனுமாகத்தான் போடுவார்கள். இன்று காலையில், ஆடப் போகிற பிள்ளை தூங்கட்டும் என்று அண்ணாச்சி தனியாக வந்தார். தனியாளுக்கு இது போதும் என்று நடுவில் ஒரே முளையை அடித்து ஒரே சுற்றாகச் சுற்றிவிட்டார். கம்பத்திலிருந்து அளக்காததால் ரெண்டு ஓரமும் சுருங்கிப்போனது அவர் கண்ணில் படவில்லை.

ஆனாலும் மனுவைக் கீழே வைக்கவில்லை.

"யாரு போட்டா என்ன டீச்சர், தப்பு தப்புதான? சொன்னா மறுபடி ஆட வைப்பாங்க. கையெழுத்தைப் போடுங்க."

டீச்சர் இடப்பக்க ஓரத்துக்கு நடந்தார். அங்கேயும் கோட்டுக்கு வெளியே ஒரு தடம் இருந்தது.

"முதல் பாதில இந்தக் கோலுக்கு அடிச்சது யாரு?"

"வெற்றிவேல்காரன்."

"இங்கருந்து அடிச்ச பந்து?"

"வலைக்குள்ள போச்சு. அம்பயர் இல்லன்னுட்டாரு."

"அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

கண்ணுன்னா இதுல்லா கண்ணு என்று அண்ணாச்சி அம்பயருக்குக் கைதட்டியதை ஊரே கேட்டிருந்தது.

"அளக்கவா?" என்றார் டீச்சர்.

"வேண்டாம்."

டீச்சர் மனுவுக்குக் கை நீட்டினார். "பேனாவைக் குடுங்க. ரெண்டு கோலையும் எழுதுங்க. கையெழுத்துப் போடுதேன்."

ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் சேர்ந்தாலும் ரெண்டுக்கு ஒன்று, தோல்வி தோல்விதான். அண்ணாச்சி மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்தார்.

"நல்லா வாய்ச்சீங்க டீச்சர் எனக்கு" என்றார்.

கொம்பையா தூரத்தில் வேலியோரம் பையைத் தலைக்கு வைத்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அம்பயரை ஏசி ஏசி அவனுக்கும் தொண்டை கட்டியிருந்தது.

"அவன் அம்பயர்தான் கெடுத்தாருன்னு நெனச்சுட்டு இருக்கான். நான் எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போய் அவன்கிட்ட சொல்ல?"

டீச்சர் சாக்கிலிருந்து இரண்டு முளைகளை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நாளைக்கு வெற்றிவேல்காரங்க இங்கதான் ஃபைனல் ஆடணும், அண்ணாச்சி. கயித்தைப் பிடிக்க அவனைக் கூப்பிடுங்க."