நாமா, நாங்களா?

இங்கிலீஷ்காரன் சொல்லில் மகா சிக்கனக்காரன் ஐயா! எதிரே நிற்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நமக்கு 'நாம்'. அவரை விட்டுவிட்டால் 'நாங்கள்'. "நாம சாப்பிடலாம்" என்றால் உங்களுக்கும் இலை உண்டு. "நாங்க சாப்பிடுறோம்" என்றால் நீங்கள் நடையைக் கட்ட வேண்டியதுதான். அவனோ இரண்டுக்கும் 'வீ' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக் காலம் தள்ளுகிறான். அந்தச் சிக்கனம் கும்பகோணத்தில் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுத் தீர்ப்பும் நீங்களே சொல்ல வேண்டும்.

செல்போன் கனவிலும் வராத காலம். ஊரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தது. அங்கே மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் வேலு. தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்பு வெட்டப் போன குடும்பத்தின் பேரன். முகம் அசல் தஞ்சாவூர் முகம். வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது 'சோறு', 'தண்ணி', அப்புறம் 'அஞ்சுகம்'.

அஞ்சுகம், சர்க்கஸ்காரர்களுக்கு உடுப்புத் தைக்க வந்த உள்ளூர்த் தையல்காரி. தாய் தகப்பன் இல்லை. தன் கையே தனக்குதவி என்று பிழைத்தவள். இவர்கள் இருவருக்கும் நடுவில் நின்று பேச்சை மொழி மாற்றிச் சொன்னவன் ஞானப்பிரகாசம். உள்ளூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கூடாரத்தில் அறிவிப்பு வேலை. மேனேஜர் "வீ ஸ்டார்ட்" என்று முணுமுணுத்தால், இவன் ஒலிபெருக்கியில் "ஆரம்பிக்கிறோம்!" என்று முழங்குவான். குரலில் கெட்டிக்காரன்.

அந்தக் கெட்டிக்காரனுக்கும் பள்ளிக்கூட நாள் தொட்டே அஞ்சுகத்தின் மேல் ஆசை. சொல்லத்தான் நா எழவில்லை. கொடுமையைப் பாருங்கள்! தான் சொல்ல நினைத்ததையெல்லாம் இன்னொருத்தனுக்காகத் தன் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது. "உன் முகத்தைப் பார்த்துட்டு வண்டியை எடுத்தா பயமே இல்லையாம்" என்பான். அவள் வெட்கப்பட்டு வேலுவைப் பார்ப்பாள். சொன்ன வாய் இங்கே, பார்வை அங்கே! ஞானப்பிரகாசத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. வேலுவை 'அவரு' என்கிறாள், தன்னை 'சார்' என்கிறாள். அந்த 'சார்' காதில் விழும்போதெல்லாம், இந்தப் பயல் ஒருநாள் கிணற்றுக்குள்ளேயே விழுந்து கிடக்க மாட்டானா என்றுகூட நினைத்தான், பாவி.

கடைசி ஆட்டம் வந்தது. மறுநாள் தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு. பிறகு இந்தப் பக்கமே சர்க்கஸ் வராது என்று பேச்சு. அன்று சாயங்காலம் வேலு மேனேஜரைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தான். அஞ்சுகத்தைப் பார்த்துக்கொண்டே, "டெல் ஹெர், டுமாரோ வீ லீவ்" என்றான்.

யார் யார் என்று கேட்க வாயெடுத்தான் ஞானப்பிரகாசம். வேலுவின் கை அவள் பக்கம் நீண்டிருந்தது. எடுத்த வாயை மூடிக்கொண்டான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே!

"நாளைக்கு நாங்க புறப்படுறோம்னு சொல்றாரு" என்றான் அவளிடம்.

அஞ்சுகத்தின் முகம் வாடிவிட்டது. "நல்லபடியா போயிட்டு வரச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள். நல்லபடியாகப் போகச் சொல்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னான் ஞானப்பிரகாசம். வேலு நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். மறுநாள் ரயில் போய்விட்டது. ஞானப்பிரகாசம் வேலையை உதறிவிட்டு ஊரிலேயே தங்கிவிட்டான்.

சில வாரம் போனது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, ஒரு பந்து மல்லிகையோடு அவள் வீட்டுக்குப் போனான். இத்தனை காலம் எழாத நா அன்று எழுந்தது.

"அஞ்சுகம், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "யானைங்களோட பின்தங்கியிருந்த பாகன் நேத்து வந்தாரு. மேனேஜர் காலைப் பிடிச்சு எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி வச்சிருந்தாராம் அவரு. ஏம்மா நீ வரலைன்னு கேட்டாரு பாகன். கப்பலும் போயிடுச்சு. எந்த ஊர்ல போய் அவரைத் தேடுவேன்?" என்றவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "'நாம'ங்கிற வார்த்தை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே சார். அன்னிக்கு அது எங்க போச்சு?"

ஞானப்பிரகாசம் மல்லிகைப் பந்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "அவன் 'வீ'ன்னுதான் சொன்னான். அதுக்கு 'நாங்கள்'னும் அர்த்தம் உண்டு, யாரை வேணும்னாலும் கேளு. நான் ஒரு எழுத்து பொய் சொல்லியிருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும்!"

"அப்போ தப்பு யார் மேல? கூட வர்றியான்னு வாய்விட்டுக் கேக்காத அவரு மேலயா? யாரெல்லாம் போறீங்கன்னு கேக்காத என் மேலயா?"

நீங்கள் சொல்லுங்கள். சொன்ன சொல்லில் பொய் இல்லை என்கிறான் ஞானப்பிரகாசம். இந்த மூவரில் குற்றவாளி யார்?

விடை: வேலு கேட்டுவிட்டதாகவே நினைத்தான்; அவனுடைய மொழியில் அதற்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது. அஞ்சுகத்துக்குச் சந்தேகம் வர வழியே இல்லை; நீட்டிய கையும் விடைபெறும் கையாகவே பட்டது. 'நாங்க' என்று கேட்ட பிறகு யார் என்று எவள் கேட்பாள்? ஞானப்பிரகாசம்தான் குற்றவாளி. சொல் பொருத்தம்தான், ஆனால் அந்தச் சொல்லே அங்கே தேவையில்லை. 'நாளைக்குப் புறப்படுறோம்' என்றாலே தமிழில் வாக்கியம் முழுசு. அதில் நாமும் உண்டு, நாங்களும் உண்டு. அப்படிச் சொல்லியிருந்தால் அஞ்சுகம் "யாரு?" என்று ஆசையோடு கேட்டிருப்பாள், வேலு அவளைக் கை காட்டியிருப்பான். அந்த 'நாங்க' வேலு சொன்னதல்ல, ஞானப்பிரகாசத்தின் பொறாமை சொன்னது.